கையடக்க லேசர் செய்ய எந்த டயோடு?

வீட்டிலேயே கையடக்க லேசர் செய்ய எந்த டயோடு (லேசர் ஒளியைத் தரும் சிறு மின்னணுப் பாகம்), வேறு என்னென்ன பாகங்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் முறை என்றால் 650 நானோமீட்டர் அலைநீளமும் 5 மில்லிவாட் திறனும் கொண்ட சிவப்பு டயோடு போதும். 405 நானோமீட்டர் ஊதா வேண்டாம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் அதன் வலிமையைக் குறைத்து எடைபோட்டுவிடுவோம்.

டயோடைவிட, அதற்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் சர்க்யூட்டான டிரைவர்தான் முக்கியம். டயோடு சூடாகச் சூடாக அதன் மின்னழுத்தம் இறங்கும். பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் லேசர் வெறும் எல்இடி மாதிரி மங்கிவிடும். அதனால் மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் டிரைவரை வாங்கி, டயோடை இணைக்கும் முன், அதற்குப் பதிலாக ஒரு டம்மி லோடை (சோதனைக்கான மாற்றுச் சுமை) வைத்து மின்னோட்டத்தை அளந்து பாருங்கள்.

5.6 மில்லிமீட்டர் டயோடுக்கு 12 மில்லிமீட்டர் உலோகக் கூடு, திருகி ஃபோகஸ் செய்யும் லென்ஸோடு சேர்ந்தே கிடைக்கும். சூட்டையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அப்புறம், டயோடின் காலைத் தொடும் முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். 5 மில்லிவாட்தானே என்று யார் கண்ணுக்கு நேராகவும் பிடிக்காதீர்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிரும் அதே கதிர்தான்.