நாளை சூரியன் உதிக்கும் என்பதற்கே நிரூபணம் இல்லை என்கிறாரே 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், பிறகு அறிவியலை எப்படி நம்புவது?

நீங்கள் அநேகமாக 1748-இல் வந்த அவருடைய 'மனித அறிவு பற்றிய ஆய்வு' நூலின் நான்காம் பகுதியோடு நிறுத்தியிருப்பீர்கள். பலரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

அங்கே அவர் சொல்வது இவ்வளவுதான்: கணக்கு உண்மையை மறுத்தால் முரண்பாடு வரும், "நாளை சூரியன் உதிக்காது" என்பதில் முரண்பாடு இல்லை. இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு அனுபவத்தையே சான்றாகக் காட்டினால், நிரூபிக்க வேண்டியதையே எடுகோளாக வைக்கிறோம். ஆகவே அந்த எதிர்பார்ப்பைத் தருவது தர்க்கம் அல்ல, பழக்கம். காரணமே கிடையாது என்று இதற்கு அர்த்தமில்லை. காரணமின்றி ஒன்று தோன்றலாம் என்ற அபத்தத்தைத் தான் சொன்னதே இல்லை என்று 1754-இல் ஒரு கடிதத்தில் அவரே மறுத்திருக்கிறார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எட்டு விதிகளே வகுத்தவர் அவர். 1739-இல் வந்த 'மனித இயல்பு பற்றிய ஆராய்ச்சி', முதல் புத்தகம், மூன்றாம் பாகம், 15-ஆம் பிரிவைப் பாருங்கள். பல பொருள்கள் ஒரே விளைவைத் தந்தால், அவற்றுக்குப் பொதுவான குணத்தைத் தேட வேண்டும் (விதி 5). ஒத்த இரண்டு பொருள்கள் வெவ்வேறு விளைவைத் தந்தால், அவை வேறுபடும் அம்சத்தில் காரணம் இருக்கும் (6). காரணம் கூடக் குறைய விளைவும் கூடிக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும் (7). சறுக்குவது இங்கேதான். வெப்பம் குறைந்தால் இதம் குறைகிறது. அதற்காக வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இதம் கூடாது, ஓர் அளவுக்கு மேல் வலிதான் என்று அவரே எச்சரிக்கிறார். சோதித்த எல்லைக்கு வெளியே முடிவை நீட்டக் கூடாது. முழுமையாக இருந்தும் சிறிது நேரம் விளைவு தராமல் கிடக்கும் பொருள் தனிக்காரணம் ஆகாது (8). தீக்குச்சி பெட்டிக்குள் எரிவதில்லை, உரசலும் வேண்டும்.

இந்த விதிகளைச் சொல்வது சுலபம், பயன்படுத்துவது மிகக் கடினம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார்.

தொகுத்தறிதல் சிக்கலை, அதாவது இதுவரை கண்டதை வைத்து இனி நடப்பதை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வியை, ஹியூம் தீர்த்துவிட்டார் என்று நான் வாதாடவில்லை. அவருக்கு முந்தைய ஆங்கிலேயத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கனிடமும் இந்த விதிகளின் சாயல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5, 6, 7 மூன்றையும் 1843-இல் ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் விரிவாக்கிய பிறகு, பாடநூல்கள் அவற்றை மில்லின் பெயரிலேயே சொல்கின்றன. ஹியூமுக்கு 'ஐயவாதி' என்ற பட்டம் மட்டும் மிச்சம். இது அநியாயம்.

"எதுவும் நிச்சயமில்லை, ஆகவே எதையும் நம்பலாம்" என்று அவர் பெயரைச் சொல்பவர்கள் ஆய்வு நூலின் பத்தாம் பகுதியைப் படிக்கட்டும். சான்று எவ்வளவோ, நம்பிக்கையும் அவ்வளவே என்கிறார். அற்புதத்தைப் பார்த்ததாக ஒருவர் சொன்னால், அது நடந்திருப்பது பெரிய அதிசயமா, அவர் பொய் சொல்வதோ ஏமாந்திருப்பதோ பெரிய அதிசயமா என்று எடைபோட்டு, பெரிய அதிசயத்தைத் தள்ளிவிட வேண்டும்.