போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது புதிய இண்டெக்ஸ் வகைகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேள்வி: மார்த்தாண்டம் பகுதியில் ரப்பர் ஷீட்டும் ரப்பர் பாலும் கொள்முதல் செய்யும் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். இதுவரை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் மட்டுமே பழக்கம். இப்போது அதைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. கூடவே கன்னியாகுமரியில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்கு அறை முன்பதிவு மென்பொருளும் போஸ்ட்கிரெஸிலேயே எழுதித் தர வேண்டும். போஸ்ட்கிரெஸின் ஆவணத்தில், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களில் பி-ட்ரீ, ஹாஷ், ஜிஸ்ட், எஸ்பி-ஜிஸ்ட், ஜின், பிரின் என்று ஆறு வகைகள் இருக்கின்றன. இவை அனைத்தையும் படித்து முடித்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டுமா? சோதனைப் பிரதியில் விவசாயியின் பெயரை முதல் சில எழுத்துகளைக் கொண்டு தேடுவதும், ஒரு விவசாயியின் கொள்முதல்கள் அனைத்தையும் எடுப்பதும் முன்பைவிட மெதுவாகிவிட்டன. அதற்கும் இந்தப் புதிய வகைகள்தான் தீர்வா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. மெதுவாகிப்போன இரண்டு வினவல்களுக்கும் புதிய வகை எதுவும் தேவையில்லை. இரண்டுமே உங்களுக்கு நன்கு பழக்கமான பி-ட்ரீயோடு தொடர்புடையவை. தரவுத்தளம் மாறுகிறவர்களைப் பெரும்பாலும் தடுமாற வைப்பது பெயரே தெரியாத ஜின்னோ பிரின்னோ அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நாம் கருதிவிடும் பி-ட்ரீதான்.

ஒரு விவசாயியின் கொள்முதல்களை எடுக்கும் வினவலை முதலில் பார்ப்போம். கொள்முதல் அட்டவணையில் உள்ள விவசாயி எண், விவசாயிகள் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீயாக இருக்கும் என்று கருதுகிறேன். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, ஃபாரின் கீயை அறிவிக்கும்போது அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீக்கும், மதிப்பு மீண்டும் வராமல் காக்கும் யுனிக் கட்டுப்பாட்டுக்கும் அது தானாக இண்டெக்ஸ் உருவாக்கும்; ஃபாரின் கீ புலத்துக்கு நீங்கள்தான் உருவாக்க வேண்டும். நீங்கள் இதுவரை எழுதாமலேயே கிடைத்துவந்த இண்டெக்ஸ் இப்போது இல்லை என்பதுதான் வினவல் மெதுவானதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இதன் இன்னொரு விளைவையும் கவனியுங்கள்: விவசாயிகள் அட்டவணையிலிருந்து ஒரு பதிவை நீக்க முயன்றால், அவரைச் சுட்டும் கொள்முதல் ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கொள்முதல் அட்டவணை முழுவதையும் போஸ்ட்கிரெஸ் படிக்க நேரிடும்.

பெயர்த் தேடல் சற்று நுட்பமானது. "நாகரா" என்று தொடங்கும் பெயர்களை லைக் (LIKE) ஆபரேட்டரைக் கொண்டு தேடும்போது, மைஎஸ்க்யூஎல் சாதாரண இண்டெக்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளத்தின் எழுத்து வரிசை ஒழுங்கு, அதாவது கொலேஷன், சி வகையாக இல்லாமல் ஏதேனும் ஒரு மொழி சார்ந்ததாக இருந்தால், சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் இந்தத் தேடலுக்கு உதவாது. மொழி சார்ந்த வரிசையில், ஒரே முன்னொட்டைக் கொண்ட சொற்கள் அடுத்தடுத்து வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதற்குக் காரணம். இண்டெக்ஸை உருவாக்கும்போது டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்ற ஆபரேட்டர் கிளாஸைக் குறிப்பிட்டால், ஒப்பீடு எழுத்துக் குறியீட்டின் அடிப்படையில் நடக்கும்; முன்னொட்டுத் தேடல் மீண்டும் வேகம் பெறும். உங்கள் பழைய பதிவுகளில் பெயர்கள் ஆங்கிலத்திலும் இருக்குமானால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான கொலேஷன் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறாகப் பார்க்கும். எனவே லோயர் செயற்கூறைப் பெயர்ப் புலத்தின்மீது செலுத்தி, அந்த விளைவின்மீது இண்டெக்ஸ் அமைத்து, வினவலிலும் அதே லோயரை எழுத வேண்டும். வினவலில் உள்ள கோவையும் இண்டெக்ஸில் உள்ள கோவையும் ஒத்திருக்காவிட்டால் அந்த இண்டெக்ஸ் கவனிக்கப்படாது.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு, புதிய வகைகளுக்குள் போவதற்கு முன்பாக, அட்டவணை வட்டில் எப்படிக் கிடக்கிறது என்பதை ஒருமுறை ஊன்றிப் படித்துவிடுங்கள். இன்னோடிபியில் அட்டவணையே பிரைமரி கீயின் வரிசையில் அமைந்த ஒரு பி-ட்ரீதான். மற்ற இண்டெக்ஸ்கள் ஒவ்வொன்றும் தம் இலைகளில் அந்தப் பிரைமரி கீயின் மதிப்பைச் சுமந்துகொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் அட்டவணை ஒரு குவியல். எந்தப் பதிவு எந்தப் பக்கத்தில் இடம் கிடைத்ததோ அங்கே கிடக்கும், பிரைமரி கீ உட்பட எல்லா இண்டெக்ஸ்களும் வெளியே நின்று அந்த இடத்தைச் சுட்டும். கிளஸ்டர் என்ற கட்டளை இருப்பதைக் கண்டு இன்னோடிபியின் ஏற்பாடு இங்கும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது அட்டவணையை ஒருமுறை அடுக்கி வைக்குமே தவிர, அதற்குப் பின் வரும் பதிவுகளை அந்த ஒழுங்கில் வைத்திருக்காது. ஆகவே பிரைமரி கீ வரம்பில் தொடர்ச்சியாகப் படிப்பது எப்போதும் மலிவு என்று நம்பி எழுதிய வினவல்களை இங்கே மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

இனி அந்த ஆறு வகைகளுக்கு வருவோம். பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வது வீண்வேலை. ஒவ்வொரு வகையும் எந்த ஆபரேட்டர்களுக்குப் பதில் சொல்லும் என்று கேளுங்கள்; போஸ்ட்கிரெஸின் இண்டெக்ஸ் உலகம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பி-ட்ரீ சமம், சிறிது, பெரிது ஆகியவற்றுக்குப் பதில் சொல்லும். ஜேசான்பி (போஸ்ட்கிரெஸின் ஜேசான் தரவு வகை) புலத்தில் ஜின் இண்டெக்ஸ் அமைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு மதிப்பை எழுத்தாகப் பிரித்தெடுத்துச் சமமா என்று பார்த்தால் அந்த இண்டெக்ஸ் பயன்படாது. அதே கேள்வியை @> என்ற அடக்க ஆபரேட்டரைக் கொண்டு கேட்டால் பயன்படும். தரவும் இண்டெக்ஸும் மாறவில்லை, ஆபரேட்டர் மட்டுமே மாறியது. இண்டெக்ஸ் வகையின் பெயரை மட்டும் கற்றவருக்கு இது புதிராகவே இருக்கும்.

விடுதி வேலையில்தான் உங்களுக்கு ஜிஸ்ட் உண்மையாகவே தேவைப்படும், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜிஸ்ட் என்பது தனியொரு இண்டெக்ஸ் அன்று. பல வகைத் தரவுகளுக்கு மர வடிவ இண்டெக்ஸ்களை எழுதிக்கொள்வதற்கான பொதுச் சட்டகம். ஹெல்லர்ஸ்டீன், நாட்டன், ஃபெஃபர் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. ஒன்றன்மீது ஒன்று மேற்படுகிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும், பி-ட்ரீயால் அதை நேரடியாகச் சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் திரளும்போது ஒரே அறையை இரண்டு பணியாளர்கள் ஒரே நேரத்தில் இருவருக்குப் பதிவு செய்துவிடும் வாய்ப்பு உண்டு. முதலில் காலியாக இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பிறகு பதிவு செய்யும் வழக்கமான நிரல், இரண்டு பரிவர்த்தனைகளும் ஒரே கணத்தில் தேடினால் இரண்டையும் அனுமதித்துவிடும். போஸ்ட்கிரெஸில் தங்கும் காலத்தை வருகை, புறப்பாடு என்று இரண்டு புலங்களாக வைக்காமல் ஒரே டேட்ரேஞ்ச் புலமாக வைத்து, அறை எண் சமமாகவும் தேதி வரம்பு மேற்படுவதாகவும் உள்ள இரண்டு பதிவுகள் இருக்கக் கூடாது என்று எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடு எழுதினால், தரவுத்தளமே இரண்டாவது பதிவை மறுத்துவிடும். அறை எண்ணின் சமத்தையும் ஜிஸ்ட்டுக்குள் கொண்டுவருவதற்கு பிட்ரீ_ஜிஸ்ட் என்ற நீட்டிப்பை நிறுவ வேண்டும். டேட்ரேஞ்ச் இயல்பாகத் தொடக்க நாளைச் சேர்த்து இறுதி நாளை விட்டுவிடும் என்பதால், ஒருவர் புறப்படும் நாளில் இன்னொருவர் வருவது மோதலாகக் கருதப்படாது. விடுதியின் கணக்கும் அப்படித்தானே இருக்கிறது. ரத்தான முன்பதிவுகளை வேர் (WHERE) நிபந்தனை கொண்டு கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு ஈடான வசதி இல்லை என்பதால், இதைக் கற்கச் செலவிடும் நேரம் நிச்சயம் பயன்தரும்.

ஜின், ஒரு பதிவுக்குள் பல மதிப்புகள் அடங்கியிருக்கும் இடங்களுக்கு உரியது: அணிகள், ஜேசான்பி, முழு உரைத் தேடல் ஆகியவை. ஒலெக் பர்துனோவும் தியோடர் சிகாயேவும் உருவாக்கிய இது 2006இல் 8.2ஆம் பதிப்போடு வந்தது. முழு உரைத் தேடலில் தமிழுக்கான சொல் தண்டெடுப்பு (விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைப் பிரிப்பது) 2019இல் வெளியான 12ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸுடனேயே வருகிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. விடுதியில் விருந்தினர்கள் எழுதும் கருத்துகளில் தேடும் வசதி வேண்டுமானால் அதைச் சோதித்துப் பாருங்கள். பெயரின் நடுப்பகுதியைக் கொண்டு தேடுவதற்கு பிஜி_டிஆர்ஜிஎம் நீட்டிப்பும் ஜின்னும் இணைந்து உதவும். ஆனால் உயிர்மெய் எழுத்துகள் நிறைந்த உங்கள் சொந்தப் பெயர்ப் பட்டியலில் விடைகள் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள். ஜின்னில் ஒரு பதிவைச் சேர்ப்பது பி-ட்ரீயில் சேர்ப்பதைவிடச் செலவு மிகுந்தது என்பதால், ஓயாமல் எழுதப்படும் அட்டவணையில் அதை வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பிரின்னைப் பற்றி இணையத்தில் உள்ள உற்சாகம் அளவுக்கு மீறியது என்றே நினைக்கிறேன். அட்டவணையின் 128 பக்கங்களை, அதாவது இயல்பான 8 கிலோபைட் அளவில் 1 மெகாபைட்டை, ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் மட்டும் அது குறித்துவைக்கும். கிடங்கில் ஷீட் கட்டுகளின் ஒவ்வொரு அடுக்கின்மீதும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வந்த சரக்கு என்று ஒரு சீட்டை ஒட்டிவைப்பது போன்றது அது. தேதி வாரியாக அடுக்கியிருந்தால் சீட்டைப் பார்த்தே வேண்டாத அடுக்குகளைத் தள்ளிவிடலாம், கலந்து அடுக்கியிருந்தால் சீட்டினால் பயனில்லை. உங்கள் கொள்முதல்கள் நாள்வரிசையில் சேர்வதால் தேதிப் புலத்துக்கு அது பொருந்தும்தான். எனினும் சில லட்சம் பதிவுகளே உள்ள அட்டவணைக்கு பி-ட்ரீ போதும். கோடிக்கணக்கான பதிவுகள் சேரும்போது பிரின்னின் சிறிய அளவு உண்மையான லாபமாகும். அப்போதும் பிஜி_ஸ்டேட்ஸ் காட்சியில் அந்தப் புலத்தின் கோரிலேஷன் மதிப்பு (வட்டில் உள்ள வரிசைக்கும் மதிப்புகளின் வரிசைக்கும் உள்ள ஒப்புமை) 1ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹாஷ் சமம் ஒன்றுக்கே பதில் சொல்லும். 10ஆம் பதிப்புக்கு முன் அது முன்னெழுத்துப் பதிவில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) சேராததால் சேவையகம் திடீரென விழுந்தால் சேதமாகக்கூடியதாக இருந்தது, பழைய கட்டுரைகள் அதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். இன்னோடிபியில் ஹாஷ் என்று எழுதினாலும் உங்களுக்குக் கிடைத்தது பி-ட்ரீயே என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எஸ்பி-ஜிஸ்ட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கற்கும் முறை என்று பார்த்தால், ஆவணத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, உங்கள் மென்பொருளில் அதிகம் ஓடும் வினவல்களை எடுத்து ஒவ்வொன்றையும், வினவல் ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையின் அனலைஸ், பஃபர்ஸ் தெரிவுகளோடு ஓட்டிப் பார்ப்பதே சிறந்தது. சோதனை அட்டவணையில் நூறு பதிவுகளை வைத்துக்கொண்டு பார்த்தால் போஸ்ட்கிரெஸ் எந்த இண்டெக்ஸையும் தொடாது, ஏனென்றால் சிறிய அட்டவணையை முழுதாகப் படிப்பதே மலிவு. ஜெனரேட்_சீரீஸ் கொண்டு உண்மையான அளவுக்குத் தரவை நிரப்புங்கள், அல்லது உண்மைத் தரவின் பிரதியையே ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் வேக்யூம் அனலைஸ் ஓட்டாமல் எதையும் அளக்க வேண்டாம். அதற்கு முன் புள்ளிவிவரங்களும் இருக்காது, இண்டெக்ஸை மட்டும் படித்து விடை தரும் வழிக்குத் தேவையான பார்வை வரைபடமும் நிரம்பியிருக்காது. எக்ஸ்ப்ளெய்னோடு அனலைஸ் சேர்த்தால் வினவல் மெய்யாகவே ஓடும் என்பதால், டெலீட், அப்டேட் ஆகியவற்றை ஒரு பரிவர்த்தனைக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யுங்கள். திட்டத்தில் பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன் என்று தென்பட்டால், அது ஆரக்கிளில் உள்ள பிட்மேப் இண்டெக்ஸ் அன்று. சாதாரண இண்டெக்ஸிலிருந்து கிடைத்த இடங்களை வினவல் ஓடும் நேரத்தில் நினைவகத்தில் பிட்மேப்பாகத் திரட்டி, பக்க வரிசையில் படிக்கும் உத்தி மட்டுமே.

புதிய வகைகளைக் கற்ற உற்சாகத்தில் எல்லாப் புலங்களுக்கும் இண்டெக்ஸ் வைக்கத் தோன்றும். இன்னோடிபியில் ஒரு பதிவின் விலைப் புலத்தை மாற்றினால் அந்தப் புலம் இடம்பெறும் இண்டெக்ஸ் மட்டுமே மாறும். போஸ்ட்கிரெஸ் பதிவின் புதிய பதிப்பை எழுதுகிறது. இண்டெக்ஸ் உள்ள ஒரு புலம் மாறிவிட்டால், பொதுவாக அந்த அட்டவணையின் மற்ற இண்டெக்ஸ்களிலும் புதிய நுழைவுகள் சேரும். எனவே அடிக்கடி மாறும் புலத்துக்கு இண்டெக்ஸ் வைப்பது இங்கே கூடுதல் விலை கொண்டது. நிலுவையில் உள்ள பட்டியல்களை மட்டுமே தேடுவீர்களானால் வேர் நிபந்தனையோடு பகுதி இண்டெக்ஸ் அமையுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இல்லாத இந்த வசதி அளவையும் செலவையும் ஒருசேரக் குறைக்கும். சில மாதங்கள் ஓடிய பிறகு பிஜி_ஸ்டேட்_யூசர்_இண்டெக்ஸஸ் காட்சியில் ஒருமுறைகூடப் பயன்படாத இண்டெக்ஸ்கள் தெரியும். பிரைமரி கீ உள்ளிட்ட கட்டுப்பாடுகளுக்கு உரியவற்றைத் தவிர மற்றவற்றை நீக்கலாம்.

கொள்முதல் நடக்கும் காலை நேரத்தில் புதிய இண்டெக்ஸ் சேர்க்க வேண்டியிருந்தால், கிரியேட் இண்டெக்ஸ் கட்டளையோடு கன்கரன்ட்லி என்பதையும் சேர்த்து, பரிவர்த்தனைக்கு வெளியே ஓட்டுங்கள். இல்லையென்றால் அது முடியும் வரை அட்டவணையில் எழுதுவது நின்றுவிடும். இடையில் தோல்வியுற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். அது தேடலுக்கு உதவாமல் எழுதும் செலவை மட்டும் கூட்டும் என்பதால், அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.