கோழிக்கூட்டுச் சிற்றுண்ணிக்குக் கராம்பு எண்ணெய்: வாசகர் கேள்விகள்

பொழுதுபட்டால் கோழிகள் கூட்டுக்குள் போக மறுக்கின்றன. பகலில் பார்த்தால் உடம்பில் ஒரு பேனும் இல்லை. கராம்பு எண்ணெய் அடிக்கலாமா? (கோண்டாவில்)

இரவு 8 மணிக்குப் பிறகு ரோர்ச் லைற்றோடு போய், கோழி இருக்கும் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பாக இழுபட்டால், இரத்தம் குடித்த சிற்றுண்ணி நசுங்கியிருக்கிறது. இது பகலில் கோழியில் தங்காது. தடி பொருந்தும் மூலை, பலகை வெடிப்பு, ஆணித்துளை, கிடுகு மடிப்பு, இவைதான் அதன் வீடு. ஆகவே மருந்து கூட்டுக்குத்தான், கோழிக்கல்ல.

காலையில் கோழிகளைத் திறந்துவிட்டு, எச்சத்தைச் சுரண்டி, பழைய வைக்கோலை எரியுங்கள். வெடிப்புகளுக்குள் கொதிநீர் ஊற்றிக் காயவிடுங்கள். பிறகு 1 லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர் எண்ணெய் என்ற கணக்கில் கலந்து (கலக்கும் முறை அடுத்த பதிலில்), வெடிப்பு நனையும்வரை விசிறுங்கள். கையுறை போடுங்கள், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மணம் தணியாமல் கோழியை அடைக்கவே கூடாது. கோழியின் மூச்சுப்பை மிக மெல்லியது.

பலர் ஒருதரம் அடித்துவிட்டு நிறுத்துகிறார்கள், தோற்பது அங்கேதான். எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், சிற்றுண்ணியின் முட்டைகளும் முழுதாகச் சாகா. எங்கள் வெக்கைக்குப் புதிய தலைமுறை ஒரு கிழமை, பத்து நாளில் வந்துவிடும். 5 நாளுக்கு ஒருதரம், மூன்று தரமாவது அடியுங்கள்.

சவர்க்காரம் கரைத்துத்தான் கலந்தேன். எண்ணெய் மேலே மிதக்கிறது, அடியில் வெள்ளையாகத் திரண்டிருக்கிறது. (உரும்பிராய்)

தவறு உங்கள் கிணற்றுத் தண்ணீரில். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் சவர்க்காரத்தைத் திரளச் செய்துவிடும். பிறகு எண்ணெயைப் பிடித்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. சவர்க்காரக் கட்டியை விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் எடுங்கள். 10 மில்லிலீற்றர் எண்ணெயோடு அதே அளவு திரவத்தைத் தண்ணீரில்லாமல் முதலில் குழையுங்கள். பிறகு மழைத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பால்போல வரும். விசிறும்போது இடையிடையே போத்தலைக் குலுக்குங்கள். அன்று கலந்ததை அன்றே முடியுங்கள்.

கராம்பு எண்ணெய் விலை. கறுவா எண்ணெய், வேப்பெண்ணெய் சரிவருமா? (சாவகச்சேரி)

கறுவா இலை எண்ணெய் சரிவரும். கராம்பைப்போல அதிலும் வேலை செய்வது யூஜினோல் என்ற பொருள்தான், அளவும் அதுவே. பட்டை எண்ணெய் வேறு சாமான்: விலை கூட, தோலையும் எரிக்கும். வேப்பெண்ணெய் பிழிந்தெடுப்பது, ஆவியாகாது; உடனே கொல்வதைவிட வளர்ச்சியைத்தான் தடுக்கும். தடியின் மூட்டுகளில் தூரிகையால் பூச நல்லது. மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் போத்தலை வெந்நீரில் வைத்து இளக்குங்கள்.

சேவலின் கால் செதில் கிளம்பிச் சுண்ணாம்பு பூசினதுபோல இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார்கள். (காரைநகர்)

பூசாதீர்கள், தோல் வெந்துவிடும். இது செதிலுக்கடியில் குடியிருக்கும் வேறொரு சிற்றுண்ணி. வாசனை எண்ணெயும் வேண்டாம். சேவலின் காலை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்த்து, துடைத்து, வசிலின் தடிப்பாகப் பூசுங்கள். அது சிற்றுண்ணியின் மூச்சை அடைத்துக் கொல்லும். கிழமைக்கு இரண்டு தரம், ஒரு மாதம். செதிலைப் பிய்த்தால் இரத்தம் வரும், புண்ணாகும். நடக்கமுடியாமல் நொண்டினால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அடைக்கோழிக் கடகத்துக்குள் விசிறலாமா? (பருத்தித்துறை)

கோழி அடையில் இருக்கும்போது வேண்டாம். முட்டையோட்டில் நுண்துளைகள் உண்டு, குஞ்சுக்குக் கெடுதல். அடைவைக்க ஒரு கிழமைக்கு முன்பே கடகத்தைக் கொதிநீரில் அமிழ்த்தி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, புது வைக்கோல் இடுங்கள். அடையின் நடுவில் சிற்றுண்ணி கண்டால், கோழி இரை தின்ன இறங்கும் நேரம் பார்த்து முட்டைகளை வேறொரு சுத்தமான கடகத்துக்கு மாற்றிவிட்டு, பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள்.