பிரசவம் பிரான்சில், பேச்சு தமிழில்: வாசகிகளின் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வெளிநாட்டில் இருக்கும் கணவரிடம் போகும் கர்ப்பிணிகளும், அவர்களுடைய அம்மாக்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. நம் ஊர் வழக்கப்படி முக்கால்வாசி பிரான்ஸ் பற்றியவைதான். பாரீஸ் புறநகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கென்று தனியாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது ஐந்தாம் மாதம். அடுத்த மாதம் பாரீஸ் பக்கம் கணவரிடம் போகிறேன். பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் ஏ1 என்ற ஆரம்பநிலை வகுப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. பிரசவ அறையில் பேசத் தெரியாமல் முழித்தால் என்ன ஆகும்?
*முத்தியால்பேட்டை வாசகி*

பாதி ஏ1-ல் காப்பி கேட்கவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் வந்திருக்கும். பிரசவ அறையில் இரண்டும் தேவைப்படாது. மிச்சமிருக்கும் நாளில் புத்தகத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். உடம்பில் நடப்பதைச் சொல்லும் ஐந்தாறு வாக்கியங்களை வகுப்பு டீச்சரிடம் கேட்டு, வாயில் புரளும்வரை சொல்லிப் பாருங்கள். இங்கே வலிக்கிறது: 'ழே மால் இசி'. பனிக்குடம் உடைந்துவிட்டது: 'ழே பெர்தூ லேஸோ'. ரத்தம் போகிறது: 'ழ சேஞ்'. குழந்தை அசைவு தெரியவில்லை: 'ல பெபே ந பூழ் ப்ளூ'. கடைசி இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

அதைவிட முக்கியம் அவர்கள் சொல்வது காதில் விழுவது. முக்க வேண்டிய நேரத்தில் 'அன்ஸ்பிரே, ப்ளோக்கே, பூஸே' என்பார்கள். மூச்சை இழு, அடக்கு, முக்கு. திடீரென்று 'ந பூஸே பா' என்றால் முக்காதே என்று அர்த்தம். அந்த நேரம் 'சூஃப்லே' என்று சொல்லி மூச்சை ஊதி வெளியே விடச் சொல்வார்கள். தலை வெளியே வரும் நேரத்தில் 'பூஸே'வுக்கும் 'ந பூஸே பா'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் முக்கினால் கிழிசல் பெரிதாகும். இந்த ஐந்தையும் கணவரை விட்டுச் சத்தமாகச் சொல்லச் சொல்லி வீட்டிலேயே பழகுங்கள். வலி வரும்போது 'அம்மா' என்றே கத்துங்கள், அதற்கு பிரெஞ்சு வேண்டாம்.

எனக்கு உண்மையில் பயம் தருவது பேசத் தெரியாத பெண் இல்லை. எல்லாவற்றுக்கும் 'உய்' (ஆமாம்) சொல்லும் பெண்தான். மாத்திரைக்கு ஒவ்வாமை உண்டா, 'உய்'. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், 'உய்'. சிரித்துக்கொண்டே சொல்வதால் மருத்துவச்சியும் புரிந்துவிட்டது என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இன்னொன்று, நாம் 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அங்கே அது 'வேண்டாம்' போலத் தெரியும். வலி குறைக்கும் ஊசி வேண்டுமா என்று கேட்டதற்கு இப்படித் தலையாட்டிவிட்டு, ஊசி ஏன் வரவில்லை என்று காத்துக் கிடந்தவர்கள் உண்டு. வாயைத் திறந்து 'உய்' அல்லது 'நோன்' (இல்லை, வேண்டாம்) சொல்லுங்கள். புரியாவிட்டால் 'ழ நே பா கோம்ப்ரி'. இதைச் சொல்வதில் ஒரு வெட்கமும் வேண்டாம். எத்தனை தடவை சொன்னாலும் கோபப்பட மாட்டார்கள், பட்டாலும் பரவாயில்லை.

போனதும் முதல் வாரத்திலேயே பிரசவ மருத்துவமனையில் இடம் பதிவு செய்யுங்கள். பாரீஸ் சுற்றுவட்டாரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை அங்கே 'சாழ்-ஃபாம்' எனப்படும் மருத்துவச்சியே முழுக்கப் பார்ப்பார். டாக்டர் பார்க்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீட்டுப் பதிவு இழுத்தடித்தாலும் சும்மா இருக்க வேண்டியதில்லை: 'பெ-எம்-இ' என்ற தாய்சேய் நல மையங்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவசமாகப் பார்ப்பார்கள். காப்பீட்டில் சேர்ந்துவிட்டால் ஆறாம் மாதத் தொடக்கத்திலிருந்து பிரசவமாகி 12 நாள்வரை மருத்துவச் செலவு நூற்றுக்கு நூறு அவர்கள் பொறுப்பு.

அப்புறம், போன். நேரில் பேசும்போது கையும் முகமும் உதவும், போனில் உதவாது. தனியாக இருக்கும்போது அவசரம் என்றால் 15. முகவரி, எத்தனையாவது மாடி, கீழ்வாசல் கதவின் குறியீட்டு எண், இந்த மூன்றையும் பிரெஞ்சில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அந்த எண் இல்லாமல் ஆம்புலன்ஸ்காரர்கள் தெருவிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

எனக்கு பிரெஞ்சு நன்றாகவே வரும், அங்கேயே படித்தவன். மனைவிக்கு நானே மொழிபெயர்த்துவிடுவேன். மருத்துவமனையில் வேறு ஆள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தேவையா?
*லாஸ்பேட்டையிலிருந்து போய் பாரீஸ் பக்கத்து ஸார்செல்லில் இருப்பவர்*

தேவை, தம்பி. உங்கள் பிரெஞ்சு மேல் சந்தேகம் இல்லை. முன்பு கருக்கலைந்ததா, வெள்ளைப்படுதல் எப்படி, உறவின்போது வலியா என்றெல்லாம் கேட்பார்கள். நீங்கள் கேட்டால் உங்கள் மனைவி பாதியை விழுங்கிவிடுவார். 2020 முதல் கர்ப்பகாலத் தொடக்கத்தில் ஒரு நீண்ட உரையாடல் கட்டாயம். வீட்டில் அடி உதை உண்டா, மனச்சோர்வு உண்டா என்பதெல்லாம் அதில் வரும். அதைக் கணவர் வாயால் கேட்பதில் என்ன அர்த்தம்? உங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை, சரி. ஆனால் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். பிரசவ நேரத்தில் மனைவி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள் மயக்கம் போட்டு விழுந்தால் மொழிபெயர்ப்பும் கூடவே விழும், அதையும் யோசியுங்கள்.

பல மருத்துவமனைகளில் போன் வழி மொழிபெயர்ப்பு ஏற்பாடு இருக்கிறது. 'அந்தெர்ப்ரெத் தமூல்' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, கோப்பில் எழுத வைத்துவிடுங்கள். நள்ளிரவில் கேட்டால் கிடைப்பது சந்தேகம். வருபவர் பெரும்பாலும் ஈழத்தமிழராக இருப்பார். 'நோகுதோ?' என்று கேட்டால் வலிக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கடலூர் டாக்டர் சொன்ன தேதிக்கும் பிரான்சில் சொன்ன தேதிக்கும் ஒரு வாரம் வித்தியாசம். சர்க்கரை 0.95 என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?
*திருப்பாதிரிப்புலியூர் வாசகி*

இரண்டுமே சரி. நம் ஊரில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணித் தேதி கொடுப்பார்கள், பிரான்சில் 41 வாரம். நாள் தாண்டிவிட்டதே, ஏன் இன்னும் வலி வரவழைக்கவில்லை என்று ஊரிலிருந்து போன் போட்டு அழ வேண்டாம். 41-ஐத் தாண்டினால் அடிக்கடி வரவழைத்துப் பார்ப்பார்கள். மாதக் கணக்கும் இடிக்கும். நாம் பத்து மாதம் சுமக்கிறோம், அவர்கள் கருத்தரித்ததிலிருந்து எண்ணி ஒன்பது மாதம் சுமக்கிறார்கள். அங்கே மாதத்தைச் சொல்லாமல் வாரத்தைச் சொல்லுங்கள்.

சர்க்கரையை அவர்கள் லிட்டருக்கு கிராமில் எழுதுவார்கள். 0.95 என்பது நம் கணக்கில் 95. வெறும் வயிற்றில் 0.92 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள், ஆகவே உங்களை உணவு ஆலோசனைக்கு அனுப்புவார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம், அலட்சியம் வேண்டாம். அங்கே சோறு, இட்லி என்றால் அளவு தெரியாது. ஒரு வேளை சாப்பாட்டைத் தட்டோடு போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். மாத்திரைகளையும் நம் ஊர்க் கம்பெனிப் பெயரில் சொன்னால் புரியாது. தைராய்டு மாத்திரை என்றால் லெவோதைராக்சின், எத்தனை மைக்ரோகிராம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மகள் பிரசவத்துக்குப் போகிறேன். நெய், கருவாடு, பிரசவ மருந்து, வெற்றிலை, முருங்கைக்கீரை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் பிடுங்குவார்களா? எப்போது போனால் நல்லது?
*கடலூர் ஓ.டி. வாசகி*

நெய்யைப் பிடுங்குவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. வெற்றிலை, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை போன்ற பச்சைச் செடி எதுவும் தாவர நலச் சான்று இல்லாமல் உள்ளே போகாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு, அங்கே போய் அதைச் சுமப்பானேன்! கருவாடு போகும். மீன் வகைக்கு 20 கிலோ வரை அனுமதி, துறைமுகத்துக் கருவாட்டை நாலு உறை போட்டுக் கட்டுங்கள், பெட்டியிலிருக்கும் சேலைகளை நினைத்தாவது. பால்சுறா புட்டு செய்யக் கருவாடு போதாதே என்றால், அங்கேயும் மீன்கடை இருக்கிறது. கீரையும் கறிவேப்பிலையும் பாரீஸில் லா ஷப்பேல் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை என்று வீட்டில் வறுத்து இடித்த செலவுப் பொடி சாப்பாடு மாதிரிதான், அளவாகக் கொடுக்கலாம். பெயர் தெரியாத கடை லேகியம் வேண்டாம். இப்படிப்பட்ட சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்தது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. குழந்தைக்குக் கண்மையும் அதே காரணத்துக்காக வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைக்கவே வேண்டாம், ஒரு வயதுவரை தேன் ஆபத்து. குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்கச் சொல்வார்கள், தலையணை கூடாது. மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பார், அவரோடு இதில் மல்லுக்கட்டாதீர்கள், அவர் சொல்வது சரி. சாம்பிராணி போடும் முன்பு கூரையைப் பாருங்கள்: 2015 முதல் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நீங்கள் தூபம் காட்ட, அது அலற, பச்சைக் குழந்தை வீரிட, கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

எப்போது போவது என்றால், விசா 180 நாளில் 90 நாள்தான். பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே போய் அந்த நாளைக் கரைக்காதீர்கள். பிரசவ அறைக்குள் பொதுவாகக் கணவர் ஒருவரைத்தான் விடுவார்கள். உங்கள் வேலை குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான். பிரசவ நேரத்தையொட்டிப் போங்கள். மருமகன் அங்கே நகராட்சியில் விருந்தினர் அழைப்புச் சான்று வாங்க வேண்டும், உங்களுக்கு 30,000 யூரோ மதிப்புள்ள பயணக் காப்பீடும் வேண்டும்.

ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் சிசேரியன் கேட்டால் செய்வார்களா?
*வில்லியனூர் வாசகி*

மாட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். பிரான்சில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மருத்துவக் காரணம் இருந்து நாள் குறித்தாலும் அறுவை அறை காலியாக இருக்கும் நேரம்தான் நல்ல நேரம். அறைக்குள் போகும் முன் வளையல், தாலிச் சங்கிலி கழற்றச் சொல்வார்கள். தாலிச் சங்கிலியை அங்கே கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு போங்கள்.

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறார் மாமியார். வேண்டாம் என்று சொல்லலாமா? ஆண் டாக்டர் வந்தால்?
*நெல்லித்தோப்பு வாசகி*

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாமியார் சொன்ன காரணத்துக்காக வேண்டாம். போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். நீண்டகால முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. போட்டுக்கொள்வதோ இல்லையோ, கடைசி மாதங்களில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். அவசரமாக அறுவை தேவைப்பட்டால் அந்தக் குறிப்பு கைகொடுக்கும். ஊசி போடும்போது முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும், அந்த நேரத்தில் பேச்சு புரியாவிட்டால் சங்கடம். எப்படி உட்கார வேண்டும் என்று அந்தச் சந்திப்பிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். மருத்துவச்சிகள் பெரும்பாலும் பெண்களே, அதனால் பிரச்சினை குறைவு. இரவுப் பணியில் ஆண் மட்டும்தான் இருக்கிறார், அவசரம் என்றால் அவர்தான் பார்ப்பார். எந்தப் பரிசோதனைக்கும் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அங்கே 2002 முதல் சட்டம். 'நோன்' சொல்லலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றும் சொல்லலாம்.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். அங்கேயும் இப்படித்தானா?
*நெல்லிக்குப்பத்துப் பெண்*

சொற்கள் வேறு. முதல் சந்திப்பில் 'முட்டர்பாஸ்' என்ற கையேடு தருவார்கள், கடைக்குப் போனாலும் கைப்பையில் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான். 'ஹெபாமெ' என்கிற மருத்துவச்சி பிரசவத்துக்குப் பிறகு 12 வாரம்வரை வீட்டுக்கு வருவார், காப்பீட்டில் அடக்கம். ஆனால் நீங்களேதான் தேட வேண்டும். கர்ப்பம் உறுதியான வாரமே தேடத் தொடங்குங்கள். பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும்.

கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், தாத்தா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்). நான் இந்தியப் பிரஜை. குழந்தை பிரான்சில் பிறந்தால்தான் பிரெஞ்சு ஆகுமா? இனிஷியல் எப்படிப் போடுவது?
*குருசுக்குப்பம் வாசகி*

அப்பா பிரெஞ்சுக்காரர் என்றால் குழந்தை எங்கே பிறந்தாலும் பிரெஞ்சுதான். அம்மா வீட்டில் பெற்றுக்கொண்டு பிறகு தூதரகத்தில் பதிந்தாலும் சரி. குடியுரிமைக்காக எட்டாம் மாதத்தில் விமானம் ஏற வேண்டாம். மறுபக்கம், அம்மா அப்பா இரண்டு பேரும் இந்தியர்கள் என்றால் பிரான்சில் பிறந்ததாலேயே அன்றே பிரெஞ்சு ஆகிவிடாது. அவர்கள் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உள்ள குழந்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடையாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம்.

பிரான்சில் பிறந்தால், பிறந்த ஊர் நகராட்சியில் ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும், பிறந்த நாள் கணக்கில் சேராது. தவறினால் நீதிமன்றம்வரை போக வேண்டும். அதற்குள் பெயர் முடிவாகியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் பெயர் வைப்போம், தாத்தா வந்து காதில் சொல்லட்டும் என்றெல்லாம் காத்திருக்க முடியாது. இனிஷியல் என்ற வழக்கமே அங்கே இல்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவுடையது, அம்மாவுடையது, அல்லது இரண்டும் வரலாம். உங்கள் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலியா, அப்பா பெயர் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். முதல் குழந்தைக்கு எது எழுதுகிறார்களோ அதே பெற்றோருக்குப் பிறக்கும் அடுத்த குழந்தைகளுக்கும் அதுதான். பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கணவர் கையில் கொடுத்தனுப்புங்கள், போனில் சொல்லி எழுத வைக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.