விண்டோஸ் மட்டும் ஏன்?

கேள்வி: மண்டிக் கணக்குக்கு லேப்டாப் தேடினால் எல்லாம் விண்டோஸோடுதான் வருகிறது. லினக்ஸ் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். ஏன் சார்?
- அரிசி மண்டிக்காரர், கும்பகோணம்

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு வருவதே அப்படித்தான். விண்டோஸுக்கு முந்தைய சிஸ்டமான டாஸ் காலத்திலேயே மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் கம்பெனிகளோடு போட்ட லைசென்ஸ் ஒன்று உண்டு: இன்ன ப்ராசஸர் வைத்து எத்தனை பெட்டி விற்றாலும், உள்ளே யாருடைய சாஃப்ட்வேர் இருந்தாலும், பெட்டிக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் கட்டிவிட வேண்டும். அப்புறம் போட்டிக் கம்பெனியின் டி.ஆர்.டாஸைப் போட்டு இரண்டு பேருக்கும் எவன் காசு கொடுப்பான்? 1994-ல் அமெரிக்க அரசு தலையிட்டு அந்த முறையை நிறுத்தியது, ரொம்ப லேட். மைக்ரோசாஃப்டை இரண்டாக உடைக்கச் சொன்ன 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மறு வருஷமே அப்பீலில் ரத்து. விண்டோஸ் இல்லாத மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள், விலை கொஞ்சம் குறையும். ஆனால் உங்கள் பில் போடும் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.