நடந்ததைக் கதையாக்கும்போது: சிறுவர் எழுத்து கேள்வி – பதில்

சொந்த வாழ்க்கையிலிருந்து சிறுவர் கதை எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பல பதில்களில் அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் வருவார். தன் இளமைக்காலத்தை ‘லிட்டில் ஹவுஸ்’ என்ற நாவல் வரிசையாக எழுதியவர். அவர் எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆவணங்கள் கிடைப்பதுதான் காரணம்.

என் சிறுவயது விளையாட்டுகளை வைத்துக் கதைகள் எழுதினேன். நண்பர்கள் ரசித்தார்கள். ஒன்பது வயது மகள் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டாள். ஏன்?
– வாசகர், விருதுநகர்

நண்பர்கள் ரசித்ததிலேயே விடை இருக்கிறது. அவர்களுக்கு அது ஞாபகம். மகளுக்கு ஞாபகம் இல்லை, கதைதான் வேண்டும். பிரதியை எடுத்து, ‘அந்தக் காலத்தில்’, ‘அப்போதெல்லாம்’, ‘இப்போது நினைத்தால்’ என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். பிறகு ‘ஆடுவோம், ஓடுவோம், வாங்குவோம்’ போன்ற வினைமுற்றுகளுக்கும் போடுங்கள். இவை தினமும் நடந்ததைச் சொல்பவை. தினமும் நடந்தது கதையாகாது. ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்ததுதான் கதை.

பம்பரத்தையே பார்ப்போம். சாட்டையைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக விடவேண்டும்; சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடிப்பது அபீட். கடைசியாக அபீட் எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் அதன் மேல் ஆணி இறங்கும்படி குத்துவார்கள், அது ஆக்கர். (ஊருக்கு ஊர் விதியும் பெயரும் கொஞ்சம் மாறும்.) இப்படி ஒரு பத்தியில் விளக்கினால் பிள்ளை படிக்காது. வட்டத்துக்குள் கிடப்பது அண்ணனுடைய பம்பரம், கேட்காமல் எடுத்து வந்தது என்று வையுங்கள். இப்போது ஒவ்வொரு ஆக்கரும் ஒரு குழி. அண்ணன் டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வந்துவிடுவான். விதிகளை ஒவ்வொன்றாக, அது அவனைக் கடிக்கப்போகும் வரிக்கு முந்தைய வரியில் சொல்லுங்கள். மண் பூசிக் குழியை அடைக்கப் பார்ப்பான். மண் காய்ந்து உதிரும். இரண்டாம் பாதி தானாக வரும்.

வைல்டர் 1930இல் முடித்தது ‘நான்’ என்று சொல்லும் தன்வரலாறு, பெரியவர்களுக்கானது. எந்தப் பதிப்பகமும் வாங்கவில்லை. அதே நினைவுகளை எடுத்து, ‘லாரா’ என்ற சிறுமியைப் படர்க்கையில் நிறுத்தி எழுதிய முதல் நாவல் 1932இல் வந்தது, நன்றாகவும் ஓடியது. மூலத் தன்வரலாறு அச்சேறியது 2014இல்தான். உங்கள் கதைகளிலும் ‘நான்’ போய் ஒரு பெயர் வரட்டும். பாதி ஏக்கம் அதிலேயே வடிந்துவிடும்.

பெயரை மட்டும் மாற்றி, தெரிந்தவர்களை அப்படியே எழுதலாமா? எங்கள் தெருவில் அலட்டிக்கொள்ளும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள்...
– வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். பெயரைவிட ஆளைக் காட்டிக்கொடுப்பது சேர்க்கை: மாடி வீடு, வெளியூரில் அப்பா, ஊதா நிற சைக்கிள். தனித்தனியாக எதுவும் தெரியாது. மூன்றும் ஓரிடத்தில் வந்தால் தெருவே கண்டுபிடித்துவிடும். ஒருவரிடமிருந்து ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். பேச்சு ஒருத்தியுடையது, சைக்கிள் இன்னொருத்தியுடையது, குடும்பம் முழுக்கக் கற்பனை. வைல்டர் கதைகளில் அலட்டல்காரியாக வரும் நெல்லி ஓல்சன், அவர் வெவ்வேறு ஊர்களில் பழகிய மூன்று பெண்களைச் சேர்த்துச் செய்த பாத்திரம். நிஜத்தில் ஒருத்தியிடமே அத்தனை அலட்டலும் இருந்திருக்காது. கலந்ததால்தான் நெல்லி அவ்வளவு காரமாக இருக்கிறாள்.

நல்ல விதமாகத்தானே எழுதுகிறேன் என்றாலும் ஆபத்து உண்டு. மகன் கிறிஸ்டோபர் ராபின் பெயரையே வைத்து ஆங்கில எழுத்தாளர் ஏ.ஏ. மில்ன் கரடிக்குட்டிக் கதைகள் எழுதினார். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே பையனைப் பள்ளியில் கேலி செய்தார்கள். வளர்ந்த பிறகும் அந்தக் கசப்பு தீரவில்லை. உங்கள் பிள்ளையை எழுதுவதென்றால் அச்சுக்குப் போகுமுன் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நடந்த வரிசையையும் வயதையும் எவ்வளவு தூரம் மாற்றலாம்?
– வாசகர், திருச்சி

தாராளமாக. வைல்டரின் பெற்றோர் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தபோது லாராவுக்கு இரண்டு, மூன்று வயதுதான். நாவலில் வரும் லாரா அதைவிடப் பெரியவள். பார்க்கவும் கேட்கவும் பயப்படவும் தெரிந்தவள். நிஜத்தில் கன்சாஸ் போய்த் திரும்பிய பிறகே விஸ்கான்சின் மாநில வாழ்க்கையின் பெரும்பகுதி. நாவல் வரிசையில் விஸ்கான்சின் முதலில், கன்சாஸ் பிறகு. கதைக்கு எந்தச் சேதமும் இல்லை.

மாற்றக்கூடாதது ஒரு பொருளும் ஒரு வேலையும் நடக்கும் முறை. ஞாபகம் அதிகம் ஏமாற்றுவதும் இங்கேதான். வைல்டரின் கன்சாஸ் வீடு இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து 40 மைல் என்கிறது நாவல். உண்மையில் சுமார் 13 மைல். நம் பிரதிகளில் வரும் பிழைகள் வேறு வகை: தீபாவளி இரவில் முழு நிலா (அது அமாவாசையை ஒட்டி வருவது, முழு நிலா வேண்டுமானால் கார்த்திகை தீபத்துக்குப் போங்கள்), நவம்பரில் மாம்பழம், 2015இல் நடக்கும் கதையில் நாலணா மிட்டாய். 25 பைசா 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயிற்று. பிரதி முடிந்ததும் நிலா, பழம், மழை, காசு, தேர்வு மாதம் இந்த ஐந்தை மட்டும் தனியாக ஒரு முறை சரிபாருங்கள். பத்து வயதுப் பிள்ளை இவற்றைத்தான் முதலில் பிடிக்கும்.

தாத்தா வயலில் வேலை பார்த்த முதியவரை, பிள்ளைகள் நாங்கள்கூட ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவோம். மாற்றி எழுதினால் பொய்யாகாதா?
– வாசகர், தஞ்சாவூர்

மாற்றவேண்டாம். பாத்திரங்கள் அப்படியே பேசட்டும். கவனிக்கவேண்டியது உங்கள் வரி. சிறுவன் ‘வா’ என்று கூப்பிடலாம். கதைசொல்லி ‘வந்தான்’ என்று எழுதினால் நீங்களும் தாத்தாவின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டீர்கள். ‘வந்தார்’ என்று எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பிள்ளை தானே கவனிக்கும். அவருக்கு ஒரு பெயர் கொடுங்கள். அவருடைய பேத்தி ‘தாத்தா’ என்று கூப்பிட்டு ஓடி வருவதை உங்கள் சிறுவன் ஒருமுறை கேட்கட்டும். விளக்கவுரை எதுவும் சேர்க்காதீர்கள்.

வைல்டர் சறுக்கியது இங்கேதான். 1935இல் வந்த கன்சாஸ் நாவலில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பழங்குடிகள்) மட்டும்தான் என்ற பொருளில் ஒரு வரி. யாரும் வாய்விட்டுப் பேசியதல்ல, கதைசொல்லியின் வரியாகவே வந்தது. 1952இல் ஒருவர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 1953 பதிப்பில் ‘மனிதர்கள்’ என்பது ‘குடியேறியவர்கள்’ ஆனது. விமர்சனம் அதோடு நிற்கவில்லை. 2018இல் அமெரிக்கச் சிறுவர் நூலகர் அமைப்பு தன் விருதிலிருந்து அவர் பெயரையே எடுத்துவிட்டது.

வீட்டில் நடந்த ஒரு மரணத்தைச் சிறுவர் கதையில் வைக்கலாமா?
– வாசகி, கோவை

வைக்கலாம், அதன் பிறகு கதையில் வரும் குழந்தைக்குச் செய்ய ஏதாவது இருந்தால். வைல்டரின் தம்பி ஒன்பது மாதக் குழந்தையாக 1876இல் இறந்தான். நாவல்களில் அவன் பிறக்கவே இல்லை. அக்கா மேரி 1879இல் பார்வை இழந்ததோ 1939இல் வந்த நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அக்காவுக்கு நீதான் கண் என்கிறார் அப்பா. அன்றிலிருந்து பார்ப்பதையெல்லாம் லாரா சொற்களில் சொல்லவேண்டியிருக்கிறது. இழப்பு அங்கே ஒரு வேலையாக மாறுகிறது. உங்கள் கதையில் அப்படி ஒரு வேலை கிடைக்கும்வரை பிரதி மேசையிலேயே இருக்கட்டும்.

தினசரி என்ன குறித்து வைக்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

உணர்ச்சிகளை எழுதாதீர்கள், அவை மறக்காது. அன்றைக்கே மறப்பவை: ஒரு குழந்தை சொன்ன வாக்கியம் (திருத்தாமல்), கை செய்துகொண்டிருந்த வேலை, ஒரு ஓசை, ஒரு விலை, பெரியவர்கள் ‘கூடாது’ என்ற ஒன்று. ஐந்து வரி போதும். மற்றவர்களின் பிள்ளைகள் பேசுவதை போனில் பதிவு செய்யாதீர்கள்.

உரையாடலை வட்டார வழக்கில் எழுதினால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியுமா?
– வாசகி, நாகர்கோவில்

புரியும். பொருள் செயலிலேயே தெரிந்தால் அடிக்குறிப்புகூட வேண்டாம். உரையாடல் வழக்கில் இருக்கட்டும், விவரணை பொதுத்தமிழில். வாக்கியத்துக்கு ஒரு அறியாத சொல்லுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.