கடற்கரையில் போர்ட்ரெயிட்: அனுமதி கேட்க வேண்டியது யாரிடம்?
வாசகர் கேள்விகளும் பதில்களும்

தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி கடற்கரைப் படப்பிடிப்பைப் பற்றியே இருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாண்டி பீச்சில் போட்டோ எடுக்க என்ன ரூல்ஸ்? உடனே பதில் தேவை. (ஊர் பெயர் இல்லை)

எந்தக் கடற்கரை, எத்தனை பேர், விளக்கும் ஸ்டாண்டும் உண்டா, படம் குடும்ப ஆல்பத்துக்கா விளம்பரத்துக்கா என்று எதையும் எழுதாமல் உடனே பதில் கேட்டால் என்னால் மட்டுமன்றி எந்த அலுவலகத்தாலும் பதில் சொல்ல இயலாது. இந்த 4 விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள்.

காந்தி சிலைக்கு அருகே, கடற்கரைச் சாலையில், கட்டணம் பெற்றுக்கொண்டு குடும்பப் படம் எடுக்கிறேன். கையில் ஒரு கேமரா மட்டுமே. அனுமதி கட்டாயமா? (முத்தியால்பேட்டை)

பொது இடத்தில் நின்று படம் எடுப்பது குற்றம் என்று பொதுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேமராவோடு நடந்தபடியே எடுத்துக்கொண்டு போகிறவரை யாரும் கேள்வி கேட்பது அரிது. ஆனால் விளக்கொளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸை நிறுத்தி, ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பலகையை ஒருவர் பிடித்து, நடைபாதையில் பத்து அடியை அரை மணி நேரம் உங்களுடையதாக்கிக்கொண்டால் நிலைமை மாறிவிடுகிறது. பொதுவழியில் இடையூறு உண்டாக்குவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் வருகிறது. அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம். இடம் புதுச்சேரி நகராட்சி எல்லைக்குள் இருப்பதால் விண்ணப்பத்தை அங்கே தொடங்கி, நாள், நேரம், ஆள் எண்ணிக்கை, கருவிகள் ஆகியவற்றைக் குறித்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக ஒருவர் சரி என்று சொன்னதை அடுத்த ஷிஃப்டில் வரும் காவலர் ஏற்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எப்போதும் சொல்வதுதான்: எழுத்தில் வாங்குங்கள்.

மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வாகனங்கள் கிடையாது என்பதால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பாறைகளின் மேல் வாடிக்கையாளரை ஏற்றாதீர்கள். பாசி படிந்த கல் ஈரத்தில் எவ்வளவு வழுக்கும் என்பது ஏறியவருக்குத் தெரிவதற்குள் கால் போய்விடும்.

சிலையும் செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்களும் பின்னணியில் விழுந்தால் சிற்பிக்கு உரிமைத்தொகை தரவேண்டுமா? (வில்லியனூர்)

வேண்டியதில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவப்பட்ட சிற்பத்தைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவை.

செரினிட்டி கடற்கரைக்கு வேண்டிய அனுமதியைப் புதுச்சேரி அலுவலகத்தில் கேட்டேன். எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலைக்கழிக்கிறார்களா? (லாஸ்பேட்டை)

அவர்கள் சொன்னது சரி. செரினிட்டி கடற்கரை கோட்டக்குப்பத்தில், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆரோவில் கடற்கரை என்று எல்லாரும் அழைக்கும் சின்ன முதலியார்சாவடிக் கரையும் அப்படியே. சுற்றுலா விளம்பரங்கள் எல்லாவற்றையும் பாண்டி என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவதால் வருகிற குழப்பம் இது. ஒரே காலையில் இரண்டு கரைகளில் எடுக்கத் திட்டமிட்டு, ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு போய், பாதி வேலையில் நிறுத்தப்பட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். காலடியில் இருக்கும் மணல் எந்த மாநிலத்தின், எந்த உள்ளாட்சியின் எல்லையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி; கட்டணமும் படிவமும் அதன் பிறகு.

சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையில் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதாதா? (அரியாங்குப்பம்)

போதாது. நுழைவுச்சீட்டு உங்களைப் பார்வையாளராக்குகிறது. தொழில் செய்ய அது உரிமை தராது. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை அது, தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நிர்வாக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கடலூர் வெள்ளி கடற்கரையில் சூரியன் கடலில் மறையும் பின்னணியில் ஜோடிப் படம் எடுக்க எந்த மாதம் சிறந்தது? (நெய்வேலி)

எந்த மாதமும் இல்லை. நம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில். அதற்கு அரை மணி முன்பே, வெள்ளி கடற்கரை இருக்கும் தேவனாம்பட்டினத்துக்கு வந்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன் திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் ட்ரோன் 249 கிராம்தான். ஆகவே எந்த விதியும் எனக்குப் பொருந்தாது என்று விற்றவர் சொன்னார். (ரெட்டியார்பாளையம்)

விற்றவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல், 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் சான்றிதழ் வேண்டும். ஆனால் எடை குறைந்துவிட்டது என்பதற்காக வான்வெளிக் கட்டுப்பாடு தளர்ந்துவிடாது. லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலை நாலைந்து கிலோமீட்டர்தான். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. எவ்வளவு தாழப் பறந்தாலும் அதேதான். கடலூர் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. முன் அனுமதி தேவைப்படாத பச்சை வட்டாரத்தில் 400 அடி வரை பறக்கலாம் என்றாலும், புறப்படும் நாளன்று காலையில் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் கருவியை வெளியே எடுக்காதீர்கள்.

வீராம்பட்டினம் கரையில் நிற்கும் படகுகளின் மேல் மணமக்களை நிறுத்திப் படமெடுத்தோம். ஊர்க்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கடற்கரை பொதுச்சொத்து, அவர்களுக்குத் தடுக்க என்ன உரிமை? (வில்லியனூர்ச் சாலை ஸ்டுடியோ ஒன்று)

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. ஆண்டுதோறும் இதே கேள்வி வருகிறது. ஆண்டுதோறும் இதே பதிலை எழுதுகிறேன்.

மணல் பொதுவானது. அதன் மேல் நிற்கும் படகு ஒருவருடைய சொத்து. சாலை பொது என்பதற்காக அதில் நிறுத்தியிருக்கும் ஒருவருடைய காரின் மேல் மணமகளை ஏற்றி நிறுத்துவீர்களா? ஃபைபர் படகும் என்ஜினும் வலையும் சேர்ந்தால் பல லட்சம் ரூபாய். பெரும்பாலும் கடன், பல வீடுகளில் பங்காளிகள் சேர்ந்து போட்ட முதல். படகில் செருப்புக் காலோடு ஏறுவதைப் பலர் பொறுக்கமாட்டார்கள். பூசை போட்டுக் கடலில் இறக்குகிற பொருள் அது. படகின் பக்கத்தில் பதிவு எண் எழுதியிருக்கிறது. அந்த எண் பளிச்சென்று தெரியும் படத்தை நீங்கள் விளம்பரத்தில் போட்டால், யாருடைய படகு என்று கரையோரம் முழுவதும் தெரிந்துவிடும்.

வலை இன்னும் மோசம். தொழில் தொடங்கிய காலத்தில் என் உதவியாளர் ஒருவர், மணலில் விரித்திருந்த வலையின் குறுக்கே நடந்து லைட் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போனார். ஸ்டாண்டின் திருகு மாட்டிக் கண்ணிகள் அறுந்தன. வலைக்காரப் பெரியவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. என்னை உட்காரவைத்து, அறுந்த இடத்தைக் கையில் தந்து, ஒரு கண்ணியை எப்படி முடிவது என்று காட்டினார். நான் ஒன்று முடிப்பதற்குள் விரல் வலித்துவிட்டது. அறுந்தவை முப்பதுக்கும் மேல். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. நான் கொடுத்த பணம் நூலுக்கு ஆகியிருக்கும், அன்றைய பிழைப்புக்கு ஆகியிருக்காது. அன்றிலிருந்து வலை கிடக்கும் மணலில் ஸ்டாண்டை வைப்பதில்லை. உயர்ந்த குதிகால் செருப்போடு வரும் மணமகளை அந்தப் பக்கம் நடக்கவிடுவதும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மாதானே நிற்கின்றன என்றும் சிலர் எழுதுகிறார்கள். சும்மா நிற்கவில்லை. மராமத்தும் வண்ணப்பூச்சும் வலை பின்னலும் நடக்கிற காலம் அது. வருமானம் நின்றுபோன காலமும் அதுவே. அந்த நேரத்தில் போய் வேலையை மறித்துக்கொண்டு நிற்பதைவிட மரியாதைக் குறைவு வேறில்லை.

கருவாடு காயும் மணலும், படகு இழுக்கும் தடமும், ஏலம் போடும் திட்டும் அவர்களுடைய பணியிடம். கடற்கரைப் பகுதிகளுக்கு மத்திய அரசு விதித்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவர்களின் வாழ்வாதாரப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆகவே முதல் நாளே போய் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். படகுக்காரரை நேரில் கேளுங்கள். அவர் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். படம் அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் செய்த எந்த ஒளிப்படக்காரரையும் அந்தக் கரையில் யாரும் துரத்தியதை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. உங்களுக்கு வந்த சத்தத்துக்கு நீங்களே காரணம். திரும்பிப் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக் கூட்டத்துக்கு நடுவே மணமக்களை நிறுத்தி எடுக்கலாமா? (காலாப்பட்டு)

கூடாது. சுவாமிகள் ஊர்ஊராகக் கடலுக்கு வரும் நாள் அது. தர்ப்பணம் செய்ய வந்தவர்களும் நெரிசலில் நிற்பார்கள். விழாவை ஆவணமாக எடுப்பதானால் எடுங்கள். வாடிக்கையாளரை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல், ஆளில்லாத கரையில், எல்.இ.டி. விளக்குகளோடு எடுக்க விரும்புகிறோம். கூட்டத் தொல்லை இல்லை என்பதால் அனுமதியும் வேண்டாமே? (கடலூர் முதுநகர்)

ஆளில்லாவிட்டாலும் ஆமைகள் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். சுமார் 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகள் கடலின் மங்கிய ஒளியை நோக்கிப் போகவேண்டியவை. உங்கள் விளக்கை நோக்கி மணலிலேயே ஊர்ந்து செத்துப்போகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பங்குனி ஆமை, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் உள்ள உயிரினம். இந்த மாதங்களில் இரவுப் படப்பிடிப்பே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காமல் போகாதீர்கள், அதுவும் எழுத்தில்.

பலூன், தெர்மாகோல் எழுத்துகள், வண்ணப்புகை ஆகியவற்றுக்குத் தடை உண்டா? (பண்ருட்டி)

அலங்காரத் தெர்மாகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. வண்ணப்புகையைக் காற்றோட்டமுள்ள கரையில் கொளுத்தினால் பக்கத்தில் இருப்பவரின் கண்ணில்தான் விழும். மரத்தில் வெட்டிய எழுத்துகளும் துணித் தோரணமும் படத்தில் இதைவிட அழகாக விழுகின்றன, திரும்ப எடுத்துக்கொண்டும் போகலாம்.

நான் எடுத்த படத்தை ஸ்டுடியோ பக்கத்தில் போட்டேன். உரிமை தங்களுடையது என்று வாடிக்கையாளர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எடுத்தவனுக்குத்தானே உரிமை? (நெல்லித்தோப்பு)

ஒப்பந்தம் எழுதியிருந்தீர்களா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. எழுதவில்லை என்றே கொள்கிறேன். அப்படியானால் வாடிக்கையாளர் சொல்வது சரி. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. போர்ட்ரெயிட் தொழிலில் இருப்பவர்களுள் பத்தில் எட்டுப் பேர் இதை அறியாமலே இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். உரிமை உரிமையாகவே இருக்க, ஒருவருடைய முகத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ஆட்டோ சங்கர் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பின்னணியில் தெளிவாகத் தெரியும் அந்நியர்களுக்கும் இது பொருந்தும். முன்பணம் வாங்கும் அன்றே, படங்களை எங்கெங்கே வெளியிடலாம் என்று தமிழில் நான்கு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இப்போதைக்குப் படத்தை நீக்கிவிட்டு வாடிக்கையாளரிடம் நேரில் பேசுங்கள்.

பாரடைஸ் கடற்கரையில் காலை முதல் மாலை வரை எடுக்கத் திட்டம். கவனிக்க வேண்டியது என்ன? (உழவர்கரை)

சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் பயணச்சீட்டு வாங்கும்போதே உங்கள் வேலையைச் சொல்லி அனுமதியை முடித்துக்கொண்டு, கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருவிகளை நீர் புகாத பையில் கட்டுங்கள். குடும்பத்தோடு குழந்தைகளும் வந்தால் முகத்துவாரத்தின் பக்கம் விடவே கூடாது; அங்கே இழுப்பு அதிகம்.

கரையில் ஒருவர் வந்து, படம் எடுக்க 500 ரூபாய் கட்டணம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை. இது சரியா? (மஞ்சக்குப்பம்)

ரசீது இல்லையென்றால் அது கட்டணம் இல்லை. அடுத்த முறை எந்தத் துறை, என்ன பொறுப்பு என்று கேளுங்கள், ரசீதுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் கொடுக்காதீர்கள். உங்களிடம் முத்திரையிட்ட அனுமதிக் கடிதம் இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார். அது ஏன் இல்லை என்பதை நீங்கள் எழுதவில்லை.